அச்சத்தை ஆளும் கல்வி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் மாலை வகுப்பும் தந்து வந்துள்ளது. கல்லூரி வாயில் வரை அவர்களைக் கொண்டு சேர்ப்பதில் நாம் வெற்றி கண்டோம். வாயிலுக்கு உள்ளே அவர்கள் மனம் படும் பாட்டைப் பற்றி நாம் பேசியதில்லை. இன்று அதனைப் பேச விரும்புகிறோம்.

முதற்கண் நம் குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராசிபுரம் வட்டாரத்துச் சிற்றூர் மாணவர் ஒருவர் நம் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றார். தந்தை சேகோ ஆலையில் கூலி. மாணவர் வெளியூர்ப் பொறியியற் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். பாடம் முழுதும் ஆங்கிலம். "எந்தக் கோட்டாவில் வந்தாய்?" என்பது விடுதியில் அவரை வரவேற்ற முதற் கேள்வி. பொங்கல் விடுமுறைக்கு வந்தவர், "வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கிறது" என்றார். "பயப்படாதே, தைரியமாக இரு" என்றோம். "எப்படிங்க சார்?" என்று கேட்டார். அந்த 'எப்படி'க்கு நம்மிடம் விடை இல்லை. அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. இன்று லாரித் தொழிலில் நாணயமாக வாழ்கிறார். அத்தொழில் இழிவன்று; ஆனால் அவர் விரும்பிச் சென்ற பாதை அதுவன்று.

இத்துன்பம் புதியதும் அன்று. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயமுத்தூர்ப் பள்ளி நாட்களைக் குறிப்பிடுகிறார். பழகினால் தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பிற மாணவரோடு சேராமல், வெளியில் எங்கேனும் படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். அந்த அச்சம் மனநோய் அன்று. அவரைச் சூழ்ந்திருந்த அநீதியின் நிழல். அதே மனிதர் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் 'பறையன்'. எந்தப் பெயர் வெளிப்படுமென்று நடுங்கினாரோ, அதனையே தலைப்பாக அச்சிட்டார்! அச்சத்தை அடக்கி ஒளிப்பது வேறு, அறிந்து ஆள்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவ்வாறு ஆள்வதைக் கற்பிக்க இயலுமா? இயலும். அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் உணர்ச்சியை நெறிப்படுத்தும் வழிகளை ஐந்தாக வகுத்தார். சூழலைத் தேர்தல், சூழலை மாற்றுதல், கவனத்தைத் திருப்புதல், நிகழ்ச்சிக்குப் பொருள் கொள்ளும் முறையை மாற்றுதல், எழுந்துவிட்ட உணர்ச்சியின் வெளிப்பாட்டை ஆளுதல் என்பன அவை. நம் மாணவர்க்கு இவை எவ்வாறு பயன்படும் என்று காண்போம்.

வகுப்பில் நெஞ்சு படபடக்கிறது. உடல் ஆபத்து என்று எண்ணித் தன்னைக் காக்க ஆயத்தமாகிறது, அவ்வளவே. மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடுங்கள். சில நிமிடங்களில் படபடப்புத் தணியும். பிறகு அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள். அச்சமா, வெட்கமா, சினமா? மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. அடுத்து, "எனக்கு அறிவில்லை" என்று மனம் சொல்வதை ஆராயுங்கள். "இப்பாடம் எனக்குப் புதிய மொழியில் வருகிறது" என்பதன்றோ உண்மை? முன்னது கதவை அடைக்கிறது. பின்னது அகராதியை எடுக்கச் சொல்கிறது.

அஞ்சியதை விட்டு விலகினால் அன்றைக்கு நிம்மதி. மறுநாள் அச்சம் இருமடங்காகும். ஆகவே சிறுகச் சிறுக அணுகுங்கள். முதல் வாரம் நண்பர் ஒருவரிடம் ஐயம் கேளுங்கள். அடுத்த வாரம் ஆசிரியரைத் தனியே கண்டு கேளுங்கள். பின்னர் வகுப்பில் எழுந்து கேளுங்கள். கிணற்றில் நீந்தப் பழகும் பிள்ளை இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. அதனைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்வதில்லை.

இங்கே இளைஞர்கள் கேட்கக் கூடும்: "அவமதிப்பவனை விட்டுவிட்டு, அவமதிக்கப்பட்டவனை மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. கிராஸ் வகுத்த ஐந்தில் இரண்டாவது சூழலை மாற்றுதல் என்பதை மறவாதீர்கள். உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிகள் வகுத்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. மனம் அமைதியாய் இருப்பவன் நடந்ததை நாள், நேரம், சாட்சியுடன் எழுதுகிறான். அவன் மனு நிற்கும். அமைதி என்பது பணிந்து போவதன்று.

1917இல் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்ட அண்ணல் அம்பேத்கர், பொதுப் பூங்காவில் கலங்கிய நெஞ்சுடன் அமர்ந்திருந்தார். அவரே 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட படிப்பை முடித்தார். கலங்குவது குற்றமன்று, கலக்கத்திலேயே தனியாய் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

எனவே தனித்திராதீர்கள். உறக்கமும் உணவும் பல நாள் கெட்டால் மருத்துவரைக் காணுங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நொடியே ஒருவரிடம் சொல்லுங்கள். 2022இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாணவர் மனநலம் காக்கும் கடமை கல்வி நிறுவனங்களுக்கு உண்டென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் நெறிமுறைகள் வகுத்துள்ளது. பெற்றோர்களே, பிள்ளை தொலைபேசியில் அழுதால் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா, என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

சங்கத்திற்கு நம் விண்ணப்பம் ஒன்று. மாலை வகுப்பில் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். கல்லூரியில் முதலாண்டைக் கடந்த அண்ணன்மாரும் அக்காள்மாரும் வந்து, தாம் அஞ்சியதையும் மீண்டதையும் தம்பி தங்கையர்க்குச் சொல்லட்டும். இவ்வகுப்புக்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

அன்று நம்மிடம் "எப்படிங்க சார்?" என்று கேட்டவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவருடைய மகள் இவ்வாண்டு பிளஸ் டூ படிக்கிறாள். அவள் கேட்கும்போதாவது நம்மிடம் விடை இருக்க வேண்டும் என்று கூறி அமைகிறோம்.