சம்னர் கோர்ட்டு: 1955-ஐ அழிக்காம வச்சிருக்கிற அறை

பழைய கட்டடங்களோட கதையில இன்னைக்கு நாம போறது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்கு. அங்க சம்னர்னு ஒரு குட்டி ஊர். மக்கள்தொகையே சில நூறு பேர்தான். ஊர் நடுவுல செங்கல் சுவரும் மணிக்கூண்டுமா கம்பீரமா நிக்குது, டலஹாச்சி கவுண்டி நீதிமன்றம்.

ஆனா இந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கிறது அதோட அழகுக்காக மட்டும் இல்ல.

1955 ஆகஸ்ட். சிகாகோவிலிருந்து சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருந்தான் எம்மெட் டில். கறுப்பினச் சிறுவன், வயசு 14. ஒரு வெள்ளைக்காரப் பெண்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்னு சொல்லி, ராத்திரியில கடத்திட்டுப்போய் கொன்னுட்டாங்க. செப்டம்பர்ல இந்த கோர்ட்டுலதான் விசாரணை. பையனுக்குத் தாத்தா முறையான மோஸ் ரைட் சாட்சி சொல்ல வந்தார். கடத்திட்டுப் போனவங்களை எல்லார் முன்னாடியும் விரல் நீட்டிக் காட்டினார். அன்றைய மிசிசிப்பியில் ஒரு கறுப்பினத்தவர் அப்படிச் செய்றது உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

ஜூரி 12 பேருமே வெள்ளைக்கார ஆண்கள். அது எப்படி? ஜூரியாக வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கணும். அந்த கவுண்டியில பாதிக்கு மேல கறுப்பினத்தவர்தான், ஆனா அவங்களை வாக்காளரா பதியவே விடல. 67 நிமிஷத்துல தீர்ப்பு வந்தது: ரெண்டு பேரும் நிரபராதி. 1956 ஜனவரியில அதே ரெண்டு பேரும் காசு வாங்கிக்கிட்டு, ‘லுக்’ பத்திரிகையில கொலையை ஒத்துக்கிட்டாங்க. விடுதலையான குற்றத்துக்கு மறுபடி விசாரணை நடத்த சட்டத்தில் இடமில்லை.

ஊர் ரொம்ப வருஷம் இதைப் பத்திப் பேசவே இல்ல. 2007-லதான் இதே கோர்ட்டு வாசல்ல, எம்மெட்டின் குடும்பத்துக்கு வெளிப்படையா ஒரு மன்னிப்பு வாசிச்சாங்க. பிறகு கட்டடத்தைப் புதுப்பிச்சப்போ, விசாரணை நடந்த அறையை நவீனமா மாத்தல. 1955-ல எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப அமைச்சாங்க. 2023-ல எம்மெட், அவன் அம்மா மேமி ரெண்டு பேர் பேரிலும் அறிவிச்ச தேசிய நினைவுச்சின்னத்தில் இந்த கோர்ட்டும் சேர்ந்தது.

எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இது மியூசியமா மட்டும் மாறிடல. இன்னும் கோர்ட்டாவும் இயங்குது. நீதி தோத்துப்போன இடத்துல நின்னுதான் அங்க இப்பவும் நீதி கேட்கணும்.

உங்க ஊர்லயும் பழைய கோர்ட்டு இருந்தா, யார் கட்டினாங்கன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. உள்ள யாரோட கேஸ் நடந்ததுன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!