அடங்காத பிள்ளையா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு நின்ற இரயில்வே குமாஸ்தா மருத்துவம் பேசலாமா என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு தந்தை செய்த பிழையைச் சொல்லவே நான் எழுந்துள்ளேன்.

என் இளைய மகன் ஓரிடத்தில் அமரமாட்டான். தொடங்கிய கணக்கை முடிக்கமாட்டான். வினா முடியுமுன் விடை கூறுவான். பென்சிலையும் குடையையும் ஓயாது தொலைப்பான். பாலக்காட்டிலே வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வளரும் பிள்ளை. மொழி புரியாமல் தவிக்கிறான் என்றே பலரும் கூறினர். நானும் நம்பினேன். வீட்டில் பிரம்பை எடுத்தேன். இரண்டாண்டுகள் வீணாயின.

ஒரு நாள், "அப்பா, நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்று அவன் விம்மினான். அதன் பின்னரே மருத்துவரிடம் சென்றேன். "வீட்டிலும் இப்படித்தானா?" என்று அவர் கேட்டார். மொழிதான் காரணமென்றால், தமிழ் பேசும் வீட்டில் இக்குறை தோன்றலாகாதன்றோ? 12 வயதுக்கு முன்பே தொடங்கி, பள்ளி, வீடு என ஈரிடங்களிலேனும், 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பதே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கத்தின் அடையாளம் என்று விளக்கினார்.

1902-இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரையாற்றியபோது, இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையென்றே குறித்தார். இன்றோ, இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, பெரிதும் பரம்பரையாக வருவது என அறிந்துள்ளோம். உலகில் 100 பிள்ளைகளுள் ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு. பெண் குழந்தைகள் சிலர் ஓடியாடாமல் நினைவிழந்தாற்போல் அமர்ந்திருப்பர். அவர்களை ஒருவரும் ஐயுறுவதில்லை.

வேலையைச் சிறு பகுதிகளாக்கித் தருதல், வகுப்பில் முன்வரிசை, செய்ததை உடனே பாராட்டல், தேவையாயின் மருத்துவர் தரும் மருந்து ஆகியவை துணைபுரியும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் அரசுத் திட்டம், குழந்தைகளிடம் கண்டறிய வேண்டியனவாகக் கூறும் குறைகளுள் இதனையும் சேர்த்துள்ளது. மாவட்ட மருத்துவமனையில் விசாரியுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுக்கிறது. வீட்டுப் பிரம்பை நாமே ஒடித்தெறிய வேண்டும்.

"அவனோடு சேராதே" என்று நம் காலனிப் பிள்ளைகளிடம் கூறாதீர்கள். மாலை ஆட்டத்திற்கு அவனையும் அழைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகளை இன்று காலை வரிசையாக இட்டவன் என் மகன். இருமுறை பாதியில் விட்டு ஓடினான். மூன்றாம் முறை முடித்தான். நான் அடிக்கவில்லை.