ஸ்டைலஸும் ஒரு முடிதிருத்தும் கடையும்

(மாணவர் இதழ் தொடங்கக் கூடியவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கல்லூரியில் படிக்கிறப்போ ஆண்டு மலருக்கு ஒரு கதை கொடுத்தேன். எங்க அம்மா பேசுற பேச்சிலேயே எழுதினது. பொறுப்பாயிருந்த பேராசிரியர், 'கதை சரி, தமிழ்தான் சரியில்லே'ன்னு திருப்பிட்டார். அப்புறம் ஆறு வருஷம் பேனாவைத் தொடலை.

இன்று பேச வந்தது வேறொரு பத்திரிகையைப் பற்றி. வாஷிங்டனில் ஹோவார்டு பல்கலைக்கழகம் 1867-இல், அடிமைமுறை ஒழிந்த சூட்டோடு, தொடங்கப்பட்டது. கறுப்பர்கள் படித்த இடம். ஆனாலும் நிரந்தரத் தலைவராக ஒரு கறுப்பர் வர 1926 ஆயிற்று. அங்கே 1916-இல் தத்துவப் பேராசிரியர் அலைன் லாக்கும் மான்ட்கோமரி கிரிகரியும் 'ஸ்டைலஸ்' என்ற இலக்கியக் குழுவை அமைத்தார்கள். அதே பெயரில் பத்திரிகை. போட்டியில் எழுதித் தேறினால்தான் குழுவில் இடம்.

அப்படித் தேறியவர் ஸோரா நீல் ஹர்ஸ்டன். ஃபுளோரிடாவில் கறுப்பர்களே நடத்திய ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். படிப்புச் செலவுக்கு ஒரு முடிதிருத்தும் கடையில் நகம் சீவிவிடும் வேலை. கடைக்காரர் கறுப்பர், வாடிக்கையாளர்கள் வெள்ளையர் மட்டும். ஒருநாள் ஒரு கறுப்பர் உள்ளே வந்து எனக்கும் முடி வெட்டுங்கள் என்று உட்கார்ந்தார். கடையிலிருந்த கறுப்புத் தொழிலாளிகளே அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். ஸோராவும் அதையே விரும்பினார், பிழைப்பு போய்விடுமே. இதை 1942-இல் வந்த தன்வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

1921 மே ஸ்டைலஸில் அவரது முதல் கதை வந்தது. ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. யாரும் 'இங்கிலீஷ் சரியில்லே'ன்னு திருப்பலை. 1924-இல் நியூயார்க்கின் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழ் அவர் கதையை வெளியிட்டது. அடுத்த வருடம் லாக்கைப் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியது. கறுப்பு ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

லாக்கைத் தெய்வமாக்கிடாதீங்க. 1938-இல் ஸோராவின் நாவலைக் குறைத்து மதிப்பிட்டு எழுதியவரும் அவரே. ஸோரா கொதித்துப்போய் பதில் எழுதினார். 1960-இல் வறுமையில் செத்தார். கல்லறைக்கு ஒரு கல் நட 1973-இல் ஆலிஸ் வாக்கர் வர வேண்டியிருந்தது.

உங்க இதழுக்கு வருகிறதை யார் படித்துத் தேர்ந்தெடுக்கப் போறீங்க? அட்டைப்படத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், இதை இன்னிக்கே பேசிடுங்க. என் கதை டிரங்குப் பெட்டியில் அப்படியே கிடக்கு. வேணும்னா தர்றேன்.