மடியிலே தொடங்குக மொழிக்காப்பு!

(இல்லறத்தார் கூடிய அவையொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1916ஆம் ஆண்டு. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு வீட்டுத் தோட்டம். அங்கே தந்தையார் ஒருவர் தம் பதின்மூன்று அகவை மகளாருடன் உலவிக்கொண்டிருந்தார். இராமலிங்க அடிகளாரின் திருவருட்பாவிலிருந்து ஒரு பாட்டை மகளாருக்குப் பாடிக் காட்டினார். பாட்டினிடையே 'தேகம்' என்னும் சொல் வந்தது. அவ்விடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் பாட்டின் ஓசை இன்னும் சிறந்திருக்குமே என்றார் தந்தையார். அந்த ஒரு சொல்லிலிருந்து, இனிப் பிறமொழிக் கலப்பின்றியே பேசுவது, எழுதுவது என்னும் உறுதி இருவர் உள்ளத்திலும் எழுந்தது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். மகளார் நீலாம்பிகையார் பின்னாளில் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் திரட்டி அகரவரிசையே ஆக்கித் தந்தார்.

இந்நிகழ்ச்சி நம் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லும்போது ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. தனித்தமிழ் இயக்கம் மேடையில் பிறக்கவில்லை, மன்றத்தில் பிறக்கவில்லை. ஒரு தந்தை தம் பிள்ளைக்குப் பாட்டுப் பாடிக் காட்டிய பொழுதில், வீட்டில் பிறந்தது. வீட்டில் பிறந்ததை வீட்டிலேயே வளர்க்கிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.

ஓர் அகவை முதல் மூன்றகவை வரையுள்ள மழலைகளுக்கு நாள்தோறும் வீட்டில் தமிழ்ப் பொத்தகம் படித்துக்காட்டுவது பற்றியே இங்குப் பேச்சு. "பேசவே தெரியாத பிள்ளைக்குப் பொத்தகமா?" என்று சிலர் நகைப்பர். "தமிழ் தானாக வந்துவிடும், ஆங்கிலத்தை அல்லவா சொல்லித்தர வேண்டும்?" என்று வேறு சிலர் கேட்பர். முதற் கேள்வி அறியாமையால் வருவது. இரண்டாவதோ தமிழையே அரிக்கும் கறையான். அதைத்தான் முதலில் தட்டியாக வேண்டும்.

தமிழ் தானாக வருமா? வரும். எந்தத் தமிழ் வரும்? பணிநாளில் நம் வீடுகளில் மழலையின் செவியில் விழும் சொற்களை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். 'வா', 'போ', 'உட்கார்', 'சாப்பிடு', 'தொடாதே', 'ஓடாதே', 'தூங்கு'. விரைவு மிகுந்த வீட்டில் ஏவலும் விலக்கலுமே மொழியாகிவிடுகின்றன. அந்தச் சிறு கூட்டுக்குள் கடல் இல்லை, மலை இல்லை, ஓடை இல்லை, ஆமையும் முயலும் இல்லை. "எதனால்?", "அப்புறம்?" என்னும் வினாக்களுக்கும் அங்கு இடமில்லை. வீட்டில் இல்லாத பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவது கதை. பொத்தகத்தைத் திறந்தால்தான் கூரைக்குக் கீழே கடல் வரும்.

இன்னொன்று, அதனினும் பெரிது. தமிழுக்குப் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என இரு நிலைகள் உண்டு. வீட்டில் 'வந்துக்கிட்டிருக்கான்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, ஐந்தாம் அகவையில் பள்ளிப் பாடநூலில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதைக் காண்கிறது. 'இருக்குது' என்று அறிந்த பிள்ளையின் முன் 'இருக்கின்றது' வந்து நிற்கிறது. எழுத்தும் புதிது, எழுத்துக்குள் இருக்கும் மொழியும் புதிது. ஒரே நாளில் இரு சுமை! "தமிழ் கடினம்" என்னும் சொல் அன்றுதான் பிள்ளையின் வாயில் முதன்முதல் பிறக்கிறது. பிள்ளைக்குக் கடினமாயிருப்பது தமிழன்று. அதுவரை அதன் செவியில் விழாத தமிழே கடினமாகத் தோன்றுகிறது. ஓர் அகவையிலிருந்தே 'வந்தது', 'சென்றது', 'என்று சொன்னது' எனக் கதைத்தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பாடநூல் அயலார் வீடாகாது. பழகிய மடியாகவே இருக்கும். எனவே பிறமொழிப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டல் ஒரு நன்மை என்றால், தமிழ்ப் பிள்ளைக்கு அஃது இன்றியமையாத் தேவை.

இது மேலைநாட்டாரிடம் கடன்பெற்ற கருத்தென்று எவரும் எண்ணவேண்டா. குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, பருவந்தோறும் பாட்டமைத்த பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைக் கண்டவர் நம் முன்னோர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை என வரும் வரிசையில் மூன்றாவது தாற்பருவம். தால் என்பது நா. நாவை ஆட்டி ஒலியெழுப்பிக் குழவியை உறங்கவைப்பது தாலாட்டு. அம்புலிப் பருவத்திலோ, விண்ணில் உள்ள நிலவையே விளையாட வருமாறு பிள்ளைக்காக அழைக்கின்றனர். கண்ணுக்கு எட்டுவதைக் கைக்கு எட்டாவிடினும் சொல்லுக்கு எட்டச் செய்வதுதானே கதை? ஏடறியாத நாட்டுப்புறத் தாய்மாரும் மாமன் தரும் சீரையும் குளத்து மீனையும் கொல்லைக் கிளியையும் தாலாட்டில் வைத்து, நூற்றுக்கணக்கான சொற்களை உறங்கும் பிள்ளையின் செவியில் ஊற்றினர்.

இன்று தாலாட்டு குறைந்துவிட்டது. பாட்டி ஊரில், பேரன் நகரில். பாட்டி விட்டுச்சென்ற இடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்திருக்கிறது. பிள்ளை ஒரு வாய் சோறு உண்ண ஓர் ஆங்கிலப் பாட்டு ஓடவேண்டியிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், ஓர் அகவைப் பிள்ளைக்குத் திரை வேண்டியதில்லை என்றும், இரண்டு முதல் நான்கு அகவை வரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மிகலாகாது என்றும், பிள்ளை அமர்ந்திருக்கும் பொழுதில் பெரியவர் உடனிருந்து படித்துக்காட்டுவதும் கதை சொல்வதுமே நன்று என்றும் கூறியுள்ளது. பாட்டி அறிந்ததையே உலக நிறுவனம் எழுதிவைத்திருக்கிறது.

இங்கிலாந்து நாட்டைப் பாருங்கள். 1992ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில், கைக்குழந்தை உள்ள முந்நூறு குடும்பங்களுக்குப் பொத்தகங்களை இலவயமாகக் கொடுக்கும் திட்டமொன்று தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. உலகையே கடைவிரிக்கும் மொழியை உடையவர்கள்கூட, அம்மொழியைத் தம் தொட்டிலிலே ஊன்றுகிறார்கள். நாமோ அவர்கள் தொட்டிற் பாட்டை வாங்கி நம் தொட்டிலில் கட்டுகிறோம்!

"எல்லாம் சரி, நேரம் எங்கே?" இக்கேள்வியை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் உழைக்கும் ஓர் இணையரை எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் சமையல், தண்ணீர், பேருந்து. நாள் முழுதும் தையற்பொறி. இரவில் திரும்பினால் அடுப்பு, துணி, பாத்திரம். கண்கள் தாமே மூடிக்கொள்கின்றன. இவர்களிடம் சென்று "நாள்தோறும் ஒரு மணிநேரம் பிள்ளைக்குப் படியுங்கள்" என்பவர் உழைப்பை அறியாதவர்.

ஒரு மணிநேரம் வேண்டா. பத்து மணித்துளி போதும். கிழமைக்கு ஐந்து பணிநாள். நாளுக்குப் பத்து மணித்துளி. ஆண்டு முடிவில் அது நாற்பத்துமூன்று மணிநேரத்துக்கு மேலாகிறது! ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணிநேரம் படிப்பதினும் நாளுக்குப் பத்து மணித்துளி மேல். ஒருநாள் வெள்ளத்தில் பயிர் விளையாது. நாள்தோறும் பாயும் வாய்க்காலில்தான் விளையும்.

அந்தப் பத்து மணித்துளியும் புதிதாகத் தேடவேண்டியதன்று. சோறூட்டும் நேரம் முன்பே இருக்கிறது. அங்கே கைப்பேசி இருந்த இடத்தில் பொத்தகம் இருக்கட்டும். உறங்கவைக்கும் நேரமும் இருக்கிறது. அங்கே அதட்டல் இருந்த இடத்தில் கதை இருக்கட்டும். இதையும் தாய் தலையிலேயே ஏற்றிவிடாதீர்கள். தாய் அடுப்படியில் நிற்கும்போது தந்தையின் மடி வெறுமையாகத்தானே இருக்கிறது? பல்லாவரத்தில் பாடிக் காட்டியவர் தந்தையார் என்பதை மறவாதீர்கள்.

இனிப் படிக்கும் முறை. மழலை பொத்தகத்தைக் கடிக்கும், தலைகீழாய்ப் பிடிக்கும், இரண்டு பக்கம் கேட்டுவிட்டு எழுந்தோடும், மீண்டும் வரும். சினவாதீர்கள். தாளைப் புரட்டும் உரிமையை அதற்கே கொடுங்கள். அதே கதையை நாற்பது நாளும் கேட்கும். நமக்குத்தான் சலிக்கும், அதற்குச் சலிக்காது. அடுத்த வரியை அதுவே சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைய மகிழ்ச்சிக்கு ஈடில்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே முதலில் படியுங்கள். பிறகு படத்தைத் தொட்டுக்காட்டி வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். இரு வழக்கும் ஒரே மொழியின் இரு கைகளென்று அப்போது பிள்ளைக்குப் புலப்படும்.

லகர, ளகர, ழகரங்களைப் படிப்பவர் திருத்தமாகப் பலுக்கவேண்டும். ஆனால் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பயம்' என்று சொன்னால் திருத்தாதீர்கள், தேர்வு வைக்காதீர்கள். மழலைக்கு நாத் திரும்பச் சில ஆண்டுகளாகும். செவி முன்னரே திரும்பிவிடும். செவியில் ழகரம் குடியிருந்தால் ஒருநாள் நாவிலும் வந்து அமரும்.

எழுத்தறியாப் பெற்றோர் என் செய்வது? படத்தைக் காட்டித் தம் ஊர்க்கதையைச் சொல்லட்டும். பள்ளிக்குச் செல்லும் அக்கையோ அண்ணனோ படிக்கட்டும். அதனால் இரு பிள்ளைகளுக்கும் பயன். விலைக்கு வாங்க இயலாதார்க்கு நூலகம் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பொதுநூலகச் சட்டத்தின் வழிவந்த கிளை நூலகங்கள் நம் ஊர்களில் உள்ளன. கவிமணியின் குழந்தைப் பாடல்களும், பாவேந்தரின் 'இளைஞர் இலக்கியம்', வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்', பாவலரேறு பெருஞ்சித்திரனாரின் 'பள்ளிப் பறவைகள்' போன்ற நூல்களும் நம்மிடம் இருக்கின்றன. எல்லாம் மழலைக்குப் பொருந்தா. எளிய சிறு பாடல்களைத் தேர்ந்து தாளத்தோடு படித்தால் போதும்.

இறுதியாக, நம்மவர்க்கே ஒரு சொல். பிள்ளை 'பஸ்' என்றவுடன் முகஞ்சுளித்து அதட்டுகின்ற தமிழன்பர் சிலர் உளர். அதட்டலில் கற்ற சொல் அச்சத்தோடு ஒட்டிக்கொள்ளும். அச்சம் போகும் நாளில் சொல்லும் போய்விடும். அதட்டவேண்டா. அதற்கு முன்பே, இரண்டாம் அகவையிலேயே, படத்தைக் காட்டிப் 'பேருந்து' என்று நூறுமுறை மகிழ்ச்சியோடு படித்திருந்தால், பிள்ளைக்கு அதுவே முதற்சொல் ஆகியிருக்கும். முதலில் வந்த சொல்லைப் பின்வந்த சொல் எளிதில் வெளியேற்ற முடியாது. மொழித்தூய்மைக்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

இன்னும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. மேடையில் மூன்று மணிநேரம் தமிழ் முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தோழர்களின் பிள்ளைகள், தந்தையின் தமிழைக் கேளாமலே உறங்கிப் போயிருக்கின்றனர். ஊர்ப்பிள்ளைகளுக்குத் தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவர் வீட்டில், தன் பிள்ளை ஆங்கிலப் பாட்டோடு சோறுண்கிறது. இதைச் சொல்வது எவரையும் இழிக்கவன்று. நம் கோட்டையின் பின்வாயில் திறந்துகிடக்கிறது என்று காட்டவே.

ஆகவே, நம் கூட்டங்கள் பிள்ளைகள் உறங்கும் முன் முடியட்டும். பெயர்சூட்டு விழாவுக்குச் செல்வோர் பொன்னாடையை விட்டுப் பொத்தகம் கொண்டு செல்லட்டும். இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மழலை ஒரு மடியில் அமர்ந்து ஒரு பக்கம் கேட்கட்டும்.

மேடைத்தமிழ் ஊரை எழுப்பும்; மடித்தமிழே தலைமுறையை எழுப்பும்.

வாழ்க தமிழ்! வளர்க மழலையர்!