ஐம்பது கடந்தவருக்கும் இந்தச் சோதனை வேண்டும்
(மன்னாரில் ஆற்றிய உரை)



இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் பல, 1977 வன்செயலுக்குப் பின் லயத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தவை. அதற்கும் முன்னால் நமது பூட்டன்மார் இதே கரையில் இறங்கித்தான் மலைக்கு நடந்தார்கள். கப்பலும் ரயிலும் வந்த பிறகு மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைத்து, கொலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். சோதனை என்றாலே நமது சனத்துக்கு ஒரு கூச்சம் இருப்பதில் ஆச்சரியமில்லை. இன்று நாம் பேசப்போவது வேறு வகைச் சோதனை. நாமாகப் போய்க் கேட்டுப் பெறுவது.

எச்.ஐ.வி. இளவட்டங்களின் விஷயம் என்று நினைக்கிறோம். கணக்கெடுப்பவர்களும் வயது வந்தோரில் எத்தனை வீதம் என்று சொல்லும்போது 15 முதல் 49 வரைதான் எடுப்பது வழக்கம். ஐம்பதாவது பிறந்தநாளன்று கிருமி விடைபெற்றுப் போய்விடுமா? 2012இல் ஐம்பதும் அதற்கு மேலும் வயதான 36 இலட்சம் பேர் உலகில் இத்தொற்றோடு வாழ்ந்ததாக ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பே மதிப்பிட்டது.

இலங்கையில் தொற்று குறைவுதான். குறைவு என்பதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. கிருமி உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு எடை குறையும், இருமல் விடாது, களைப்பு வரும். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு இப்படி என்றால் ஓடுவோம். அறுபது வயது ஐயாவுக்கு என்றால் "வயசாச்சு, சீனி வியாதியும் இருக்கு" என்று விட்டுவிடுவோம். டாக்டரும் கேட்கமாட்டார், ஐயாவும் சொல்லமாட்டார். வயதானவர் உடம்பில் நோய் வேகமாக முற்றும் என்பதால் இந்தத் தாமதம் உயிரோடு விளையாடுவது.

மகள் கர்ப்பமானால் கிளினிக்கில் இந்தச் சோதனையும் செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சான்று தந்தது அதனால்தான். மகளைக் கூட்டிவந்த தாயிடம் யாரும் கேட்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து எளிதில் புண்படும், தொற்றும் எளிது. பிள்ளை தங்காது என்று ஆணுறையும் தேவையில்லை என்று நினைப்போம். இதைச் சபையில் சொல்வதற்கு நமக்கும் வெட்கம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

வளைகுடாவுக்குப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். போகும்போது இரத்தம் பார்க்கிறார்கள், இருந்தால் விசா இல்லை. பல வருடம் உழைத்து ஐம்பது வயதில் திரும்பி வந்தவரை யார் பார்க்கிறார்கள்? அவர் மனைவியை?

பயம் ஊர்வாய்க்குத்தான். 2016இல் குளியாப்பிட்டியில், தகப்பன் எய்ட்ஸில் இறந்தார் என்ற வதந்தியால் தொற்றே இல்லாத ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெற்றோர் விடவில்லை. ஆசிரியர்களாக இருக்கும் நமக்கு அது மறக்கக்கூடியதல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே கிணற்றில் குளித்தாலோ, நுளம்பு கடித்தாலோ இது தொற்றாது.

மருந்து அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் மற்றவருக்குத் தொற்றாது. ஒன்று கவனியுங்கள்: சீனிக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்கள் அதை இந்தக் கிளினிக்கிலும் சொல்லவேண்டும். சில எச்.ஐ.வி. மருந்தோடு அதன் அளவைக் குறைக்க வேண்டிவரும்.

சங்கம் கேட்பது இரண்டு. தோட்டத்திலும் கிராமத்திலும் நடக்கும் சீனி, பிரஷர் முகாம்களில், விரும்பும் பெரியவர்களுக்கு இந்தச் சோதனையும் இருக்கவேண்டும். வேலைக்காக எவரையும் கட்டாயப்படுத்திச் சோதிக்கவோ, தொற்றைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவோ கூடாது. சர்வதேச தொழில் அமைப்பின் 2010ஆம் ஆண்டு 200ஆம் இலக்கப் பரிந்துரை இதைச் சொல்கிறது.

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. துண்டு தேவையில்லை, காசு இல்லை, விபரம் வெளியே போகாது. தனியே போகக் கூச்சப்படும் அம்மாமார் நமது மாதர் பிரிவில் சொல்லுங்கள். ஒருவர் பஸ்ஸில் கூட வருவார். எதற்கு என்று கேட்கமாட்டார்.