நேரத்தைக் குறித்தலும் கண்காணித்தலும்

மென்பொருள் எழுதுவோர் தம் பணிநேரத்தைத் தாமே பதியும் செயலியொன்றை உருவாக்கினோம். எங்களுக்கு முன்மாதிரி, வாட்ஸ் ஹம்ஃப்ரி 1995இல் வெளியிட்ட நூலின் நேரப்பதிவு அட்டவணை. தொடக்கம், முடிவு ஆகியவற்றோடு இடையூற்று நேரத்துக்கும் அதில் தனிக்கட்டம் உண்டு. அப்பதிவு எழுதுபவர் தம்மை அறிவதற்கே. மேலாளர் அவரை அளப்பதற்கன்று.

முதல் வெளியீட்டில் நாங்கள் முகப்பில் ‘நேரக் கண்காணிப்பு’ என எழுதி, பதிவுகளை மேலாளரும் காணச் செய்தோம். பயனர்கள் இடையூறுகளைப் பதியாமல் எட்டு மணி நேரத்தையும் ஒழுங்காக நிரப்பினர். கணக்கு நேர்த்தியாயிற்று, உண்மை மறைந்தது.

பின்னர்ப் பதிவை எழுதியவர்க்கே உரியதாக்கி, ‘நேரக் குறிப்பேடு’ எனப் பெயரிட்டோம்; இடையூறுகள் பதிவாகத் தொடங்கின. பெயரை மட்டும் மாற்றியிருந்தால் அது நிகழ்ந்திராது. மாணவர்களே, கலைச்சொல் ஆக்கும்போது, அச்சொல் குறிக்கும் கருவி யாருக்காக இயங்குகிறது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.