தண்ணி எந்தப் பக்கம் போகும்?



சில ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் கிராம வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் நீர்பாய்ச்சி குனிந்து பார்த்தார். "எல்லைக் கல்லெல்லாம் போட்டிருக்கு. தண்ணி எந்தப் பக்கம் போகும்னு போடலியே சார்?" என்றார். பிறகு, கையிலிருந்த குச்சியால் தரையில் ஒரு கோடு இழுத்தார். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் மூன்று பட்டா நிலங்களின் ஊடே ஓடிக் கண்மாய் சேரும் வழி அது. அவர் அறிய யாரும் அதை மறித்ததில்லை. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. அந்தப் பட்டாக்களில் ஒன்று நாளை வீட்டுமனையானால், காகிதத்தில் ஒரு பிழையும் இல்லாமலே கண்மாய் வறண்டுபோகும்.

நம் நிலப்பதிவு வரி வசூலுக்காகப் பிறந்தது. யார் நிலம், எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா என்று கேட்டது. எஞ்சியதைப் புறம்போக்கு, தரிசு என்று எழுதி ஒதுக்கியது. சுனையும் சமணர் கற்படுக்கையும் மேய்ச்சல் பாறையும் பெரும்பாலும் அந்த எச்சத்துக்குள் கிடக்கின்றன. திட்டமிடுவோர் முதலில் எடுப்பதும் இதே பதிவைத்தான். தரிசு என்று கண்டதும் காலியிடம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அதே மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை நினையுங்கள். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, முற்காலப் பாண்டியர் குடைவரை, அங்கே இலகுலீசர் சிற்பம், பாறை முகட்டில் வல்லூறுகள். 2022 நவம்பரில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 2025 சனவரியில் ஏலம் ரத்தானது. அந்த வெற்றியில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த இரண்டு எண்களும் என்னை உறுத்துகின்றன. அந்த 193 ஹெக்டேருக்கான கோடு மலையைச் சுற்றிப் போடப்பட்டது. மலையில் பெய்த மழை கோட்டோடு நிற்பதில்லை.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்வழி வந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, ஊரின் உயிர்வளத்தைப் பட்டியலிடும் அருமையான கருவி. ஆனால் புல எண்ணோடு இணையாத பட்டியலை, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் மேசையில் யாரும் புரட்டப்போவதில்லை. ஒவ்வொரு சுனைக்கும் மடைக்கும் வரத்துக்காலுக்கும் புல எண் எழுதுங்கள் என்பதே இந்த அவையிடம் என் முதன்மையான வேண்டுகோள். ஐப்பசியில், தண்ணீர் ஓடும்போது போய் வரையுங்கள். சித்திரையில் எல்லாமே தரிசாகத்தான் தெரியும். ஆடு மேய்ப்பவரைக் கூடவே அழைத்துப் போங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: மூலிகை இருக்கும் இடத்தையும் புதையல் தேடுவோர் தோண்டக்கூடிய ஈமக்காட்டையும் ஊர் வேண்டாமென்றால் பொதுப் படத்தில் காட்டாதீர்கள். வேண்டாமென்று சொல்லும் உரிமை கிராம சபைக்கு இருக்கட்டும்.

நீர்பாய்ச்சி இழுத்த கோட்டை அன்றே பென்சிலால் எடுத்துக்கொண்டேன். அந்தத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் படங்களையும் அதன் பக்கத்தில் விரியுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.